நண்பகல் கரண்டைப் பொழுதுபடும் வரை பிடித்து வைக்கும் பெட்டி: ஒன்பது மாதம் பாவித்த பிறகு

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் எங்கள் வீட்டுக் கூரையில் 2017ஆம் ஆண்டிலிருந்து 5 கிலோவாற் சோலர் இருக்கிறது. 2025 யூன் மாதம் அதன் பழைய இன்வேட்டரைக் கழற்றிவிட்டு, ஒரு ஹைபிரிட் இன்வேட்டரும் இரண்டு லித்தியம் பற்றரியும் பூட்டினோம். பனல் தரும் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றுவது இன்வேட்டர். ஹைபிரிட் என்றால் பற்றரியையும் சேர்த்து ஓட்டும். ஒரு பற்றரி 5.12 யூனிட் பிடிக்கும். இரண்டும் சேர்ந்தால் 10 யூனிட்டுக்குச் சற்று மேல். வயர், பிறேக்கர், கூலி எல்லாம் சேர்த்து 10 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய் முடிந்தது. அதில் பாதி மனைவி எடுத்த சீட்டுக் காசு. இவ்வளவு காசைப் போடும் முன்பு, பாவித்த ஒருவர் தமிழில் எழுதியது ஏதாவது இருக்குமா என்று தேடினேன். விற்கிறவர்கள் சொல்வது மட்டும்தான் கிடைத்தது. அதனால் ஒன்பது மாதம் கழித்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

மார்க்கின் பெயரையும் பூட்டித் தந்த நிறுவனத்தின் பெயரையும் நான் போடவில்லை. ஒரு வீட்டில் நடந்த சரி பிழைகளை வைத்து ஒரு மார்க்கைத் தூக்கவோ விழுத்தவோ எனக்கு மனமில்லை. நான் சொல்லப்போகும் செற்றிங், வளையம், வோல்ட் இவையெல்லாம் இந்த வகைப் பெட்டிகளுக்குப் பெரும்பாலும் பொதுவானவை.

எங்கள் வீட்டுப் பாவனையை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் கணக்கு உங்களுக்குப் பொருந்துமா என்று தெரியாது. முன்பக்க அறையில் நானும் மனைவியும் தையல். நாலு மெசின், ஒரு ஓவர்லொக், இரண்டு அயன். அப்புறம் பிரிட்ஜ், ஐந்து மின்விசிறி, கிணற்றுக்கு 1 குதிரைவலு மோட்டர். படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர். ஒரு நாளைக்கு 12 யூனிட் வரை முடியும். நல்ல வெயில் என்றால் கூரை 20 யூனிட் தரும். சூரியன் எங்களுக்குத் தேவைக்கு மேல் தருகிறது, ஆனால் தேவையான நேரத்தில் தருவதில்லை. விடியற்காலையிலும் பொழுதுபட்ட பிறகும்தான் வீட்டில் கரண்ட் கூடுதலாக முடிகிறது. தருவதோ காலை 10 மணியிலிருந்து 2 மணி வரை.

சோலர் இருந்தும் இருட்டில் இருந்த நாட்களை நான் மறக்கவில்லை. 2022 மார்ச் கடைசியில் நாடு முழுவதும் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வெட்டினார்கள். வெயில் கொளுத்தும் நேரத்திலும் எங்கள் கூரை ஒரு மின்விசிறியைக்கூடச் சுற்றவில்லை. சாதாரண சோலர் இன்வேட்டர் லைனை, அதாவது கம்பத்தால் வரும் மின்சார சபைக் கரண்டை, பார்த்துத்தான் ஓடும். லைன் செத்தால் அதுவும் நின்றுவிட வேண்டும். கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவருடைய உயிரைக் காக்க வைத்த விதி அது, இருக்கத்தான் வேண்டும். ஆனாலும் பள்ளிச் சீருடைகளை வெட்டிப் போட்டுவிட்டு, கரண்ட் வரும் நேரத்துக்காக அட்டவணையைப் பார்த்துக்கொண்டு கூரைக்குக் கீழே உட்கார்ந்திருந்தது இன்னும் நெஞ்சில் நிற்கிறது.

அப்புறம் 2025 பெப்ரவரி 9. ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை 11 மணி கடந்து கொஞ்ச நேரம். பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதில் தொடங்கிய கோளாறு நாடு முழுவதையும் இருட்டாக்கியது. பலர் குரங்கைப் பற்றியே கதைத்தார்கள். எனக்கு அந்தக் கிழமையும் நேரமும்தான் முக்கியமாகப் பட்டது. ஞாயிற்றுக்கிழமை, நண்பகலை ஒட்டிய நேரம். தொழிற்சாலையும் கந்தோரும் பூட்டு, கரண்டுக்கு ஆள் குறைவு, கூரைகள் எல்லாம் நிறையத் தள்ளிக்கொண்டிருந்த நேரம்.

இதை எங்கள் தையல் மெசினை வைத்து மகளுக்கு விளங்கப்படுத்தினேன். பெடலில் இருந்து காலை எடுத்ததும் ஊசி அந்த இடத்திலேயே நிற்பதில்லை. கைச்சில்லின் பாரம் இன்னும் இரண்டு மூன்று தையலைப் போட்டுவிட்டுத்தான் ஓயும். நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்திலும் மலைநாட்டு நீர்மின் நிலையங்களிலும் அப்படிப்பட்ட பெரிய சில்லுகள் ஒரே தாளத்தில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. எங்காவது ஒரு அடி விழுந்தால் அந்தப் பாரம் ஒரு சில விநாடிகளுக்குத் தாங்கும், அதற்குள் மற்ற மெசின்கள் சமாளித்துக்கொள்ளும். கூரைச் சோலருக்குச் சில்லு இல்லை. நண்பகலில் சோலர் நிறைய ஓடும்போது சில்லுள்ள மெசின்கள் குறைவாக ஓடும். அப்போது விழும் சின்ன அடியும் பெரிதாகத் தெரியும். அன்றைக்கு நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களும் நின்று போனதால், அடுத்த நாட்களில் ஒன்றரை மணி நேர வெட்டும் வந்தது.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எங்கள் நாடு தீவு. இந்தியாவோடு மின் லைன் இல்லை. மிஞ்சியதை அயல் நாட்டுக்குத் தள்ளிவிட்டு, பொழுதுபட்டதும் திருப்பி வாங்க வழியில்லை. நிலக்கரி இயந்திரங்களைத் தண்ணீர்க் குழாய் போல நண்பகலில் பூட்டிவிட்டு 6 மணிக்குத் திறக்கவும் முடியாது. ஆனால் மாலை 6.30இலிருந்து 10.30 வரை எல்லா வீட்டிலும் லைற், ரி.வி., அயன், சமையல் எல்லாம் ஒன்றாக எரியும். அந்த நேரம் கூரைகள் ஒன்றும் தராது, விலை கூடிய எண்ணெயை எரிக்க வேண்டி வரும். நண்பகலில் கரண்டை வைக்க இடமில்லை, இரவில் அதே கரண்டுக்கு எண்ணெய் வாங்க டொலர் வேண்டும். இந்த ஆறேழு மணி நேர இடைவெளியை அடைக்கத்தான் பற்றரி.

அந்த வருடம் சித்திரை வருடப்பிறப்பு விடுமுறையில், கூரைச் சோலர் வைத்திருக்கிறவர்கள் பிற்பகல் 3 மணி வரை அதை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டது. காரணம் விளங்கியது. கேட்டது நியாயம் என்றும் பட்டது. நான் நிறுத்தினேன். ஆனால் அந்தச் சுவிச்சைக் கீழே இழுத்தபோது என் கை கூசியது, அதை மறைக்க முடியாது.

1990இல் எனக்கு 16 வயது. அந்த வருடம் போரில் போன கரண்ட் எங்கள் பக்கம் திரும்பி வர ஆறேழு வருடம் ஆனது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, பஞ்சுத் திரி வைத்து, சுண்டுவிரல் நகத்தளவு சுடரில் ஏ.எல். படித்தேன். மண்ணெண்ணெய்க்கும் தடை, அதனால் எட்டு மணிக்கெல்லாம் அம்மா விளக்கை நூர்க்கச் சொல்லுவா. செய்தி கேட்பதற்குச் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைச் சுற்ற வேண்டும், டைனமோவிலிருந்து இரண்டு வயர் ரேடியோவுக்குப் போகும். சுற்றுகிறவரின் கை களைத்தால் செய்தி வாசிக்கிறவரின் குரல் தேய்ந்து போய்விடும். அநேகமாகச் சுற்றியது நான்தான். அப்படிக் கரண்டைக் கையால் சுற்றி எடுத்தவன், கூரையில் தானாக வந்து கொட்டுவதை வேண்டாம் என்று நிறுத்த வேண்டி வந்தது. அன்றிரவே மனைவியிடம் சொன்னேன், சீட்டுக் காசு வந்ததும் பற்றரி போடுவோம் என்று.

சரி, பெட்டிக்கு வருகிறேன்.

இன்வேட்டர் ஒரு சின்னச் சூட்கேஸ் அளவு, சுவரில் தொங்குகிறது. பற்றரிகள் அதன் கீழே ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் அரிசி மூட்டை ஒன்றின் பாரம் இருக்கும், தூக்க இரண்டு பேர் வேண்டும். முதலில் பின்பக்கத் தகரக் கொட்டிலுக்குள் வைக்கத்தான் பூட்ட வந்த பெடியன்கள் அளவெடுத்தார்கள். நான் விடவில்லை. சித்திரை வைகாசியில் அந்தத் தகரத்துக்குக் கீழே ஆள் நிற்க முடியாது. லித்தியம் பற்றரிக்கு வெக்கை ஆகாது, ஆயுளைத் தின்னும். வடக்குப் பார்த்த சுவரில், தாழ்வாரத்துக்குக் கீழே வைத்தோம். வயர் ஏழு மீற்றர் கூடுதலாகப் போனது. அந்தச் செலவுக்கு நான் வருந்தவில்லை.

இதன் வேலை மூன்று. வெயில் தருவதை முதலில் வீட்டுக்குக் கொடுக்கும், மிஞ்சினால் பற்றரிக்குக் கொடுக்கும், அதற்கும் மிஞ்சினால் லைனுக்குத் தள்ளும். பொழுதுபட்டதும் பற்றரியிலிருந்து வீட்டை ஓட்டும். லைன் செத்தால் தன்னை லைனிலிருந்து வெட்டிக்கொண்டு, வீட்டை மட்டும் தனித்து ஓட்டும். இந்த மூன்றாவது வேலையை அது செய்யும் விதம் மிக அருமை. முதல்முறை ஒழுங்கையில் கரண்ட் போனபோது எங்களுக்குத் தெரியவே இல்லை. ஓவர்லொக் ஓடிக்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா வேலியால் எட்டிப் பார்த்து, "உங்களிட்டக் கரண்ட் நிக்குதோ?" என்று கேட்ட பிறகுதான் வெளியே வந்து பார்த்தேன்.

ஆனால் நான் இந்தப் பெட்டியை வாங்கியது நண்பகல் மிச்சத்தைப் பிடித்து வைக்க. அந்த வேலையை அது முதல் மூன்று கிழமை செய்யவே இல்லை. இதை வாங்க நினைக்கிற ஒவ்வொருவரும் இந்த இடத்தைக் கவனமாக வாசியுங்கள்.

பெட்டி வந்தபடியே இருந்தால், விடிந்து வெயில் ஏறியவுடன் முதல் வேலையாகப் பற்றரியை நிரப்பத் தொடங்குகிறது. எங்கள் கூரை கிழக்கும் மேற்குமாகச் சரிந்தது, காலையிலேயே நல்ல வெயில் பிடிக்கும். காலை 10.15 ஆகும்போது போனில் இருக்கும் இதன் செயலியில் 100 வீதம் என்று பச்சையாகக் காட்டும். பார்க்க வடிவாக இருக்கும். அதற்குப் பிறகு வரும் நண்பகல் கரண்ட் முழுவதும் பழையபடி லைனுக்கே போகும். நாட்டுக்குக் கரண்ட் உண்மையாகத் தேவைப்படும் காலை நேரத்தில் நாங்கள் எங்களுக்கென்று சேர்த்து வைத்துவிட்டு, வேண்டாம் என்கிற நேரத்தில் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறோம். 10 லட்சம் செலவழித்தும் லைனுக்கு ஒரு உதவியும் இல்லை.

இதை நான் கண்டுபிடித்தது வோல்ட்டைப் பார்த்து. எங்கள் ஒழுங்கை ட்ரான்ஸ்போமரில் இப்போது பதினொரு வீட்டில் சோலர். நண்பகலில் எல்லோரும் ஒரே வயருக்குள் தள்ளும்போது வோல்ட் ஏறும். தண்ணீர்க் குழாயின் இரு பக்கத்தாலும் தள்ளினால் அழுத்தம் கூடுவது போல. 230 இருக்க வேண்டிய இடத்தில் இன்வேட்டரின் திரையில் 248, 251, 253 என்று ஏறும். ஓரளவுக்கு மேல் போனால் இன்வேட்டர் டக்கென்று தன்னை நிறுத்திக்கொள்ளும். ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பத் தொடங்கும், பிறகும் நிற்கும். பழைய இன்வேட்டரில் ஞாயிற்றுக்கிழமைகளில் இப்படித்தான் 20 யூனிட் தர வேண்டிய கூரை 13, 14 யூனிட்டோடு நின்றது. புதுப் பெட்டி போட்ட பிறகும் ஞாயிற்றுக்கிழமை 11.40க்கு அதே டக் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். பற்றரி 100 வீதம், வோல்ட் 253.

பூட்டியவர்களுக்குப் போன் எடுத்தேன். பற்றரி கெதியாக நிரம்புவது நல்லதுதானே என்றார்கள். இரண்டாம் தரமும் அதே பதில். பிறகு நானே புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, நேரம் பிரித்து ஓட்டும் பக்கத்தைத் தேடிப் பிடித்தேன். ஒரு நாளை ஆறு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் பற்றரி எத்தனை வீதம் வரை நிரம்பலாம் என்று சொல்லலாம். இன்னொரு பக்கத்தில் எத்தனை அம்பியரில் நிரப்ப வேண்டும் என்று சொல்லலாம். காலை 10.30 வரை பற்றரி 20 வீதத்திலேயே நிற்கட்டும் என்று போட்டேன். 10.30இலிருந்து 2.30 வரை 100 வீதம். நிரப்பும் வேகத்தை 100 அம்பியரிலிருந்து 40 அம்பியராகக் குறைத்தேன். கணக்கு எளிது. பற்றரி 51.2 வோல்ட், 40 அம்பியர் என்றால் 2 கிலோவாற். நாலு மணி நேரத்துக்கு 8 யூனிட். 20 வீதத்திலிருந்து முழுமைக்கு வேண்டியதும் 8 யூனிட்தான்.

அடுத்த ஞாயிறு திரைக்கு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்தேன். 10.30க்குப் பற்றரியின் அம்புக்குறி உள்பக்கம் திரும்பியது. லைனுக்குப் போய்க்கொண்டிருந்த 3.1 கிலோவாற் மெல்ல இறங்கி 1.1இல் நின்றது. 11.40க்கு வோல்ட் 246. டக் சத்தம் வரவில்லை. அன்றைக்குக் கூரை 18 யூனிட் தந்தது. மனைவி வெட்டிக்கொண்டிருந்த துணியை வைத்துவிட்டு வந்து பார்த்தா. ஒரு வீடு 2 கிலோவாற்றைப் பிடித்து வைத்ததற்கே ஒழுங்கை வயர் இவ்வளவு இளகுகிறது என்றால், பதினொரு வீடும் இப்படிச் செய்தால் எப்படி இருக்கும் என்று கேட்டா. அந்தக் கேள்வி எனக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

மழை மூடிய நாட்களில் 40 அம்பியர் செற்றிங் பற்றரியை நிரப்பாது. அந்த நாட்களில் கையால் மாற்ற வேண்டும். மார்கழி முழுவதும் நான் காலையிலேயே நிரப்ப விட்டுவிட்டேன், மப்பு நாட்களில் லைனுக்கும் அது பாரமில்லை. காலநிலையைப் பார்த்துத் தானே மாற்றும் வசதி என் பெட்டியில் இல்லை. இருந்திருந்தால் நல்லது.

அடுத்தது வளையம். லைனுக்கு எவ்வளவு போகிறது, எவ்வளவு வருகிறது என்று பெட்டி அறிய, மீற்றருக்குப் பக்கத்தில் மெயின் வயரைச் சுற்றி ஒரு சின்ன வளையம் மாட்டுவார்கள். அதில் ஒரு அம்புக்குறி இருக்கும். எங்கள் வீட்டில் அது மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. அதனால் செயலியில் போவதை வருவதாகவும் வருவதைப் போவதாகவும் காட்டியது. இரவு 9 மணிக்குச் சோலர் வீடு லைனுக்குக் கரண்ட் விற்பதாகக் காட்டினால் யாருக்கும் சந்தேகம் வரும். நாலு நாள் கழித்து ஒரு தம்பி வந்தான், இருபது வயதுதான் இருக்கும். மீற்றர்ப் பெட்டியைத் திறந்து பார்த்ததும் நாக்கைக் கடித்தான். "அண்ணை, அவசரத்தில மாறிக் கொழுவிட்டம்" என்றான். வளையத்தைக் கழற்றித் திருப்பி மாட்டினான். திரையில் இலக்கம் சரியான பக்கத்துக்கு வந்தது. இரண்டு நிமிட வேலை. பூட்டி முடித்த நாளிலேயே, அயனைப் போட்டும் நிறுத்தியும் அந்த இலக்கம் சரியாகக் கூடிக் குறைகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மிச்சக் காசைக் கொடுங்கள்.

வளையம் சரியாக இருந்தால்தான் இந்தப் பெட்டியின் மிகப் பெரிய நன்மை கிடைக்கும். லைனுக்கு ஒன்றும் தள்ளாதே என்று சொல்லலாம். தள்ளும் அளவைப் பூச்சியம் என்று போட்டால், கூரை வீட்டுக்கும் பற்றரிக்கும் மட்டும் உழைக்கும், மிச்சத்தைப் பனலிலிருந்து எடுக்காமல் இன்வேட்டரே குறைத்துக்கொள்ளும். மின்சார சபை நிறுத்தக் கேட்கும் நாட்களில் மெயினை இழுத்து எல்லாவற்றையும் நிறுத்த வேண்டியதில்லை. நானாக இதைச் சில ஞாயிறுகளில் செய்து பார்த்தேன். மற்ற நாட்களில் 20 யூனிட் தரும் கூரை அன்று 15 தருகிறது. ஐந்து யூனிட் வீண்தான். ஆனால் முழுதாக நிறுத்தினால் பிற்பகல் 3 மணிக்குப் பிறகு கிடைப்பது மூன்றோ நாலோதான்.

அந்த ஐந்து யூனிட்டையும் குறைக்க வழி பார்த்தோம். அயன் வேலையை நண்பகலுக்கு மாற்றினோம். முன்பு இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு சேர்த்து அயன் பண்ணுவோம், அது நாட்டுக்கே பாரமான நேரம். இப்போது 11 மணிக்கும் 1 மணிக்கும் இடையில் முடிக்கிறோம். கிணற்று மோட்டரையும் நண்பகலில் போட்டுத் தொட்டியை நிரப்பி விடுகிறோம். பயிருக்குத் தண்ணீர் பின்னேரம்தான் பாய்ச்ச வேண்டும், அதுவரை தொட்டியில் நிற்கட்டும். தொட்டியும் ஒரு பற்றரிதானே என்றான் மகன். செலவில்லாத பற்றரி. 10 லட்சம் போட வசதியில்லாதவர்கள் இந்த இரண்டை மட்டுமாவது நாளைக்கே தொடங்கலாம்.

மோட்டரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. லைன் இல்லாத நேரத்தில் பற்றரியில் அதைத் தொடக்கினேன். தொடங்கும்போது மோட்டர் ஒரு விநாடிக்குப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். பெட்டி தாங்காமல் வீடு முழுவதையும் நிறுத்திவிட்டது. இப்போது மோட்டரை லைன் பக்கத்தில் தனியாகப் பிரித்துவிட்டேன். உங்கள் வீட்டில் எவை பற்றரிப் பக்கம், எவை லைன் பக்கம் என்று வயரிங் தொடங்கும் முன்பே தாளில் எழுதிக் கொடுங்கள்.

காசுக் கணக்கை மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் இதில் விற்கிறவர்கள் சொல்வது பலருக்குப் பொருந்தாது. நான் 2017இல் சேர்ந்த திட்டத்தில், மாதக் கடைசியில் கொடுத்ததையும் எடுத்ததையும் கழித்து, மிச்சத்துக்குக் காசு. முதல் 7 வருடம் யூனிட்டுக்கு 22 ரூபாய், பிறகு 13 வருடத்துக்கு 15 ரூபாய் 50 சதம். 2024இல் எனக்கு அந்தக் குறைந்த விலை தொடங்கிவிட்டது. இந்தத் திட்டத்தில் பகலில் கொடுத்த ஒரு யூனிட்டை இரவில் ஒரு யூனிட்டாகத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். லைனே எங்களுக்கு இலவசப் பற்றரி போல இருந்தது. சொந்தப் பற்றரி போட்டால் அந்த இலவசம் போகிறது, அத்தோடு தேய்மானமும் உண்டு. ஒரு மாதம் குறித்து வைத்தேன். பற்றரிக்குள் போனது 243 யூனிட், வெளியே வந்தது 211. 32 யூனிட் வெக்கையாகப் போய்விட்டது. 15.50 ரூபாய்ப்படி 496 ரூபாய். ஞாயிறுகளில் பெட்டி நிற்காமல் ஓடுவதால் கிடைக்கும் மேலதிக யூனிட் அதில் ஒரு பகுதியை ஈடுகட்டுகிறது. ஆகவே என்னைப் போன்ற பழைய ஒப்பந்தக்காரர் மாத வருமானத்தை எதிர்பார்த்து இதை வாங்கக் கூடாது. நான் போட்ட 10 லட்சம் காசாகத் திரும்பாது, அது எனக்குத் தெரியும்.

பற்றரியிலிருந்து மாலை உச்ச நேரத்தில் லைனுக்குக் கொடுக்கும் யூனிட்டுக்கு 45 ரூபாய் 80 சதம் என்று 2025இல் ஒரு விலை வந்தது. சரியான பக்கம் எடுத்து வைத்த அடி அது. நண்பகல் யூனிட்டுக்கும் இரவு 7 மணி யூனிட்டுக்கும் ஒரே விலை கொடுத்தால் யார் பற்றரி போடுவார்கள்? நான் இன்னும் அதில் சேரவில்லை. எங்கள் வீடே இரவில் ஏழு யூனிட் முடிக்கிறது, கொடுக்க மிச்சம் இல்லை. பெரிய கூரையும் சின்னக் குடும்பமும் உள்ளவர்கள் உங்கள் பகுதி மின் அலுவலகத்தில் நேரே போய்க் கேளுங்கள். பழைய ஒப்பந்தம் உள்ளவர்கள் பற்றரி சேர்க்கும் முன்பு எழுத்தில் அனுமதி எடுத்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் செய்தேன், பிறகு மன நிம்மதி.

நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோதுதான் பெட்டியின் உண்மையான பலத்தைப் பார்த்தேன். எங்கள் ஒழுங்கையில் கரண்ட் போன நேரம் பற்றரி 96 வீதம். வானம் இருண்டு கிடந்தது, கூரை ஒரு நாள் முழுவதும் ஒன்றரை யூனிட் தந்தது. அயனும் மெசினும் பூட்டு. பிரிட்ஜை இரண்டு மணி நேரம் ஓடவிட்டு மூன்று மணி நேரம் நிறுத்தினோம். ஒரு மின்விசிறி, மூன்று லைற், போன் சார்ஜ். அயலில் ஆறேழு வீட்டுப் போன்கள் எங்கள் விறாந்தையில் வரிசையாகக் கிடந்தன. மாமிக்கு இன்சுலின் பிரிட்ஜில் இருந்தது. இரண்டாம் நாள் பின்னேரம் லைன் வந்தபோது பற்றரியில் 18 வீதம் மிச்சம். மாமி வந்து பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனா. 10 லட்சத்துக்கு நான் எழுதும் வரவு அதுதான்.

குறைகளையும் சேர்த்துச் சொல்கிறேன். நண்பகலில் இன்வேட்டரின் விசிறிச் சத்தம் கூடுதல், படுக்கையறைச் சுவரில் ஒருபோதும் பூட்டாதீர்கள். செயலி ஆங்கிலத்தில் மட்டும்தான். தமிழோ சிங்களமோ இல்லாததால், வயதானவர்கள் பூட்டியவர்களை நம்பியே இருக்க வேண்டும். வந்தபடியே இருக்கும் செற்றிங் மாறாமல் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இணையம் அறுந்தால் செயலி ஒன்றும் காட்டாது, பெட்டி மட்டும் தன் பாட்டுக்கு ஓடும். பற்றரிக்கு 10 வருட உத்தரவாதம், ஆனால் கழற்றிக் கொழும்புக்கு அனுப்பும் செலவு எங்களுடையது என்று சின்ன எழுத்தில் இருக்கிறது. வாங்கும் முன்பு அந்தப் பக்கத்தை வாசியுங்கள்.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் இந்திய உதவியில் காற்றாலை, சோலர், டீசல் மெசின் எல்லாம் சேர்த்து அமைக்க 2024 மார்ச்சில் ஒப்பந்தம் எழுதினார்கள். அந்தத் திட்டத்தில் 1700 கிலோவாற் சோலரோடு 2400 யூனிட் பிடிக்கும் பற்றரியும் முதலிலேயே சேர்ந்திருக்கிறது. சின்னத் தீவுக்கு லைனின் எல்லை கண்ணுக்குத் தெரியும், அதனால் பற்றரியைத் தொடக்கத்திலேயே கணக்கில் எடுத்தார்கள். எங்கள் பெரிய தீவில் கூரைகளை முதலில் நிரப்பிவிட்டோம், பற்றரியை இப்போதுதான் யோசிக்கிறோம். பளைப் பக்கம் போகும்போது சோளகக் காற்றில் காற்றாலைகள் சுற்றுவதைப் பார்த்தால் எனக்கு இந்த எண்ணம்தான் வரும். காற்றும் வெயிலும் நிறையத் தருகின்றன, வாங்கி வைக்கிற பாத்திரம்தான் போதாது.

போன கிழமை எதிர்வீட்டு மாஸ்டர் வந்து, தானும் இரண்டு பற்றரி போடப் போவதாகச் சொன்னார். அவர் வீட்டில் இரண்டே பேர். ஒரு மாதத்துக்குப் பின்னேரம் 6 மணிக்கும் விடிய 6 மணிக்கும் மீற்றரைப் பார்த்துக் கொப்பியில் எழுதுங்கோ சேர், அதற்குப் பிறகு எத்தனை என்று முடிவெடுப்போம் என்றேன். நேற்று வரை எழுதியதைக் காட்டினார். ஒரு இரவுக்கு மூன்றரை யூனிட்டைத் தாண்டவில்லை. அவருக்கு ஒரு பற்றரி காணும். பூட்டும் நாளில் வளையத்தையும் 10.30 செற்றிங்கையும் பார்க்க நான் வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.